நாடகம் எழுதுதவங்க ஏன் கிரேக்க கதையவே பிடிச்சிட்டு நிக்காங்க?

நாரோயில்காரன்:
காலேஜ்ல டிராமா பேப்பர் படிக்கேன் மக்கா. எந்த நாடகத்த தொறந்தாலும் ஆன்டிகனி, இல்லன்னா அப்பாவ கொன்ன அம்மைய பழிவாங்குத எலெக்ட்ராவும் அவ தம்பி ஓரெஸ்டஸும்தான். சொந்தமா ஒரு கதை கெடைக்காதா இவங்களுக்கு?

தக்கலை அக்கா:
லேய், கோயில் கொடைல வில்லுப்பாட்டு கேட்டிருக்கியா? சுடலைமாடன் கதை தெரியாத ஆளு அங்க யாரு இருக்கா, ஆனாலும் விடிய விடிய உக்காந்து கேக்கோம்லா. எப்படி சொல்லுதாவங்கிறதுதான் விசயம். பழைய கிரேக்க ஊரு ஏதென்ஸ்லயும் அப்படித்தான், அங்கத்த நாடகக்காரங்க ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூணு பேரும் எலெக்ட்ரா கதைய எழுதிருக்காவ, மூணும் மூணு மாதிரி.

குளச்சல் கடக்கரை:
அக்கா சொன்னது சரி, ஆனா பயமும் உண்டு. 1944ல பாரிஸ் ஜெர்மன்காரன் கையில இருக்கச்சில பிரெஞ்சு நாடகக்காரர் அனூய் ஆன்டிகனிய மேடையேத்துனாரு. ராஜா உத்தரவ மீறி கூடப்பொறந்தவன அடக்கம் பண்ணப் போற பொண்ணு, இத இன்னைக்குள்ள கதையா எழுதிருந்தா சென்சார் விட்டிருப்பானா? பழங்கதைன்னு விட்டுட்டான். பாத்தவங்கள்ல பலபேரு அதுல எதிர்ப்ப பாத்தாவ, சிலபேருக்கு ராஜா கிரியோன் பக்கமும் நியாயம் தெரிஞ்சுது, அதுலதான் சண்டையே. தென்னாப்பிரிக்கால 1973ல வந்த தி ஐலண்ட் நாடகத்துலயும் ரெண்டு கைதிங்க ஜெயிலுக்குள்ள இதே ஆன்டிகனியத்தான் நடிக்காவ.

தோவாளை பூக்காரன்:
எல்லாத்துக்கும் சென்சாரையே சொல்லாண்டாம் அண்ணே. நாடகக்காரர் ஓ'நீல் 1931ல அமெரிக்கால யாருக்கு பயந்தாரு? ஓரெஸ்டஸ் குடும்பத்த தூக்கி அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்ச சமயத்துல அங்க உள்ள நியூ இங்கிலாந்து பகுதில வச்சாரு, தெய்வ சாபத்துக்கு பதிலா மனசுக்குள்ள கெடக்க சிக்கல்.

நாரோயில்காரன்:
அப்போ நல்லதங்காள் கதைய இன்னைக்கு யாராவது மாத்தி எழுதலாம்லா?

தக்கலை அக்கா:
நீயே எழுதுலே. பரீச்சை முடியட்டும் மொதல்ல.