சரிவு நிலத்தில் வரப்பு ஒரே இடத்தில் உடைந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம்?

மேட்டாங்காடு:
3 ஏக்கர் மானாவாரி. பெரும்பாலும் செம்மண், கடைசி அரை ஏக்கர் மட்டும் கரிசல். சரிவுக்குக் குறுக்கே, எல்லைக்கு இணையாக நேர்கோட்டில் 2 வரப்புகள் இருக்கின்றன. உயரம் ஒன்றரை அடி. கனமழை பெய்தால் இரண்டுமே நடுவில் தாழ்வாக இருக்கும் இடத்தில் உடைகின்றன. உடைப்புக்குக் கீழே முழங்கால் ஆழத்துக்கு ஓடை அறுத்துவிட்டது. வரப்பை இன்னும் உயர்த்தினால் நிற்குமா?

வரப்புக்கோடு:
உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் இன்னும் அதிகத் தண்ணீர் அதே தாழ்வில் சேர்ந்து, இன்னும் பெரிதாக உடையும். கோளாறு உயரத்தில் இல்லை, கோட்டில் இருக்கிறது. வரப்பு நேராகப் போகிறது, நிலம் நேராக இல்லை. முழு நீளத்துக்கும் பரவி நிற்க வேண்டிய தண்ணீர் ஒரே பள்ளத்துக்கு ஓடி வருகிறது.

வரப்பைச் சமமட்டக் கோட்டில், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டில் போட வேண்டும். அந்தக் கோட்டைப் பிடிக்க ஏ வடிவச் சட்டமே போதும். 2 மீட்டர் கம்பு இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வையுங்கள். உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, குறுக்குக் கம்பில் நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். சட்டத்தைத் திருப்பிக் கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். பிறகு ஒரு காலை ஊன்றி, நூல் நடுப்புள்ளிக்கு வரும்வரை மறுகாலை நகர்த்தி, முளை அடித்துக்கொண்டே போங்கள். காற்றடித்தால் கனமான கல் கட்டுங்கள்.

இடைவெளி சரிவைப் பொறுத்தது. 10 மீட்டர் தூரத்துக்கு டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) 30 செ.மீ. இறக்கம் வந்தால் 3 சதவீதச் சரிவு; வரப்புக்கு வரப்பு சுமார் 30 மீட்டர் விடலாம். 2 சதவீதம் என்றால் 40 மீட்டர், 4 சதவீதம் என்றால் 25.

வரப்பு உட்காரும் இடத்தில் புல்லைச் செதுக்கி, லேசாக உழுதுவிட்டு மண் போடுங்கள். இதைச் செய்யாததால்தான் பல வரப்புகளில் அடியில் கசிவு கண்டு பிடுங்கிக்கொள்கிறது. 15 செ.மீ. போட்டு இடித்து, அதன்மேல் அடுத்த 15. நிற்க வேண்டிய உயரம் 60 செ.மீ. என்றால் 70 வரை ஏற்றுங்கள், புது மண் அமுங்கும். மேல் அகலம் 30 செ.மீ., அடி அகலம் சுமார் 2 மீட்டர்.

கல்லணைப்பு:
மேலே சொன்னது சரி. ஆனால் கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய்) இல்லாத வரப்பு எந்தக் கோட்டில் போட்டாலும் ஒருநாள் உடையும். வரப்பின் ஓரத்தில், கெட்டியான புல்தரை இருக்கும் பக்கமாக, நில மட்டத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் கல் பதித்துக் கலுங்கு விடுங்கள். தண்ணீர் விழும் இடத்திலும் கல் பாவ வேண்டும். இல்லாவிட்டால் விழும் தண்ணீர் குழி பறித்து, கலுங்கையே பின்னாலிருந்து சரித்துவிடும்.

ஓடைக்குள் மண்ணைக் கொட்டி மூட வேண்டாம், அடுத்த மழைக்கே போய்விடும். குறுக்கே கல் தடுப்புகள் கட்டுங்கள். உயரம் 50 செ.மீ. போதும். ஓடையின் அடியிலும் இரு கரைகளிலும் குறைந்தது 30 செ.மீ. தோண்டிக் கல்லைச் செருகுங்கள். நடுப்பகுதி கரையோரத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கட்டும். மேற்புறம் ஒரே மட்டமாக இருந்தால் தண்ணீர் கரையோரமாகச் சுற்றிப் போய், தடுப்பை விட்டுவிட்டு ஓடையை அகலமாக்கும். நான் இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். கீழ்த்தடுப்பின் தலை மேல்த்தடுப்பின் அடிக்கு மட்டமாக வந்தால் இடைவெளி சரி. உருண்டைக் கல் நிற்காது, முனை உள்ள கல் வேண்டும்.

வரப்பின் மேட்டுப்பக்க ஓரமாக வெட்டிவேர் ஒரு வரிசை நடலாம். 10 செ.மீ.க்கு ஒரு தூர் என்றால் 100 மீட்டருக்கு 1000 தூர். பட்டுப்போன இடத்தை உடனே நிரப்புங்கள். ஓர் ஓட்டை இருந்தால் வருகிற தண்ணீரெல்லாம் அதன் வழியேதான் பாயும்.

மூடாக்கு:
வரப்பு வரைக்கும் ஏன் இவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதையும் பாருங்கள். ஓர் ஏக்கரில் 40 மி.மீ. மழை என்றால் சுமார் 1,60,000 லிட்டர். அது விழுந்த இடத்திலேயே இறங்க வேண்டும்.

ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கச் சுவரில் கத்தியைக் குத்திக்கொண்டே இறங்குங்கள். மேல் 15 செ.மீ. வெண்ணெய்போல் போய், பிறகு கத்தி ஏறவில்லை, வேர்களும் அங்கே பக்கவாட்டில் மடங்கியிருக்கின்றன என்றால் உழவு அடிப்படலம் (கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே உள்ள மண்) இறுகிவிட்டது. மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் கலப்பை) ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கோடு விழுமே தவிர, படலம் உடையாது.

காய்ந்த சிறு மண்கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் பொலபொலவென்று சரிந்தால் மண்ணைப் பிடித்து வைக்கும் மக்கு (மக்கிய இலைதழை) குறைவு. அந்த நிலத்தில் ரோட்டாவேட்டரை அடிக்கடி விட்டுப் பொடியாக்கினால், முதல் மழைத்துளியிலேயே மேல்மண் பூட்டிக்கொள்ளும். உழவும் விதைப்பும் வரப்புக்கு இணையாகவே இருக்கட்டும். பயிர்த்தட்டையை எரிக்காமல் பரப்பிவிடுங்கள்.

மேட்டாங்காடு:
தெளிவாகிவிட்டது, நன்றி. கரிசல் பகுதிக்கும் இதே வரப்புதானா?

வரப்புக்கோடு:
இல்லை. கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்து வரப்பைக் குடையும். தண்ணீர் தேங்கினால் பயிரும் அழுகும். அங்கே வரப்பின் மேட்டுப் பக்கமாக வாய்க்கால் எடுத்து, 100 மீட்டருக்கு 20 முதல் 40 செ.மீ. இறக்கம் கொடுத்து, தண்ணீரை மெதுவாக வெளியேற்றுங்கள். அது போய்ச் சேரும் வடிகாலில் புல் முதலில் வளர்ந்திருக்க வேண்டும். வரப்பு வேலை அதன் பிறகுதான்.