புதுப்பிப்பு: ஆட்டிச இளைஞர்களுக்கான இசை அமர்வை எதில் தொடங்குவது?

ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கான இசை அமர்வைப் பறை, டோலக்கோடு தொடங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். அதைத் திருத்துகிறோம். மூடிய அறையில் நான்கைந்து தோல்கருவிகள் சேர்ந்து ஒலித்தால், சத்தம் ஒத்துக்கொள்ளாதவர் காதைப் பொத்திக்கொள்வார். அப்புறம் எந்தக் கருவியையும் தொடமாட்டார்.

ஆதார ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டியில் தொடங்குங்கள். 1 கட்டை (மேற்கத்திய முறையில் சி, C) வைத்து, ஸ, ப இரண்டும் ஒலிக்கட்டும். ஒலியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

அடுத்து, பட்டைகளைக் கழற்றக்கூடிய சைலபோன் (குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி). சி-யை ஸ என்று வைத்து எஃப் (F), பி (B) பட்டைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஸ ரி க ப த, அதாவது மோகன ராகத்தின் ஸ்வரங்கள். எதைத் தட்டினாலும் சுருதியோடு உறுத்தாது, "தப்பு" என்று யாரும் திருத்த வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கத் திருத்தப்பட்டே வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆசுவாசம்! சுருதிப்பெட்டி அரைக்கட்டை தள்ளியிருந்தால் மட்டும் எல்லாம் கெட்டுவிடும்; முதலில் சரிபாருங்கள்.

இளைஞர் தட்டியதை அப்படியே திருப்பி வாசித்துவிட்டுக் காத்திருங்கள், குறைந்தது 10 விநாடி. உதவியாளர்கள் பொறுமையிழந்து கையைப் பிடித்துத் தட்டவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த நொடியே இசை அவருடையதாக இல்லாமல் போகிறது.

காதுமூடிகளை அலமாரியில் பூட்டாதீர்கள். கைக்கெட்டும்படி மேசைமேல் கிடக்கட்டும்.