இயற்கை உரம் போட்டும் மிளகாய் நாற்று மஞ்சளாகிறது: உதவி தேவை

லயத்துப் பிள்ளை:
அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் வீட்டின் பின்புறம் அறுபது பைகளில் மிளகாய் நாற்று வைத்திருக்கிறேன். இயற்கை உரம் மட்டுமே போட்டேன். ஆயினும் இலைகள் மஞ்சளாகி, பத்து நாள்களாக வளர்ச்சி நின்றுவிட்டது. என்ன செய்வது? விரைந்து சொல்லுங்கள்.

பால்மரத்தான்:
எந்த உரம், எவ்வளவு, நாற்றுக்கு எத்தனை நாள் என்று எதுவும் எழுதவில்லையே, தம்பி. மஞ்சள் அடியிலையிலா, கொழுந்திலா? பையின் அடியில் துளை இருக்கிறதா?

செம்மண்:
கேள்விக்கே இடமில்லை, இது புளிப்பு மண்ணின் வேலைதான். நம் மலேசிய மேட்டுநில மண்ணில் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4க்கும் 5க்கும் இடையில் நிற்பது வழக்கம். டோலமைட் சுண்ணாம்பு கலந்தால் சரியாகிவிடும்.

மூத்த விவசாயி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமைதான் புதியவர்களிடம் இல்லை. இயற்கையிலிருந்து வந்ததெல்லாம் நாற்றுக்கு உணவாகிவிடாது என்ற அடிப்படையை முதலில் அறிந்துகொண்டு வாருங்கள்.

லயத்துப் பிள்ளை:
மன்னிக்கவும் ஐயா. நாற்றுக்கு 25 நாள். ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் செம்பனை வெறுங்குலையை நறுக்கி, மூன்று வாரம் மூடிவைத்து, மண்ணோடு சரிபாதி கலந்தேன். அடியிலைகள்தாம் மஞ்சள். துளை இருக்கிறது.

பால்மரத்தான்:
இதைத்தான் கேட்க விரும்பினேன். மூன்று வாரத்தில் வெறுங்குலை மட்காது. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிமம் ஏறத்தாழ 50 பங்கு இருக்கும். அதைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும் என்பதால், மண்ணில் இருப்பதை நாற்றின் வேருக்கு முன்னே அவை எடுத்துக்கொள்கின்றன. பசித்த நாற்று, அடியிலையில் சேர்த்து வைத்திருந்த தழைச்சத்தைக் கொழுந்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் மஞ்சள் கீழிருந்து தொடங்குகிறது. ஒரு பையை மட்டும் கிழித்து, நாரை இழுத்துப் பாருங்கள்: கயிறுபோல் நீண்டு வந்தால் மட்கவில்லை, விரலுக்குள் நொறுங்கி மழைக்காட்டு மண்ணின் வாசம் வந்தால் மட்கிவிட்டது. குலையில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுதி, நல்ல பொருள்தான். ஆனால் நாற்றுப் பைக்குள் போவதற்கு முன் நன்றாக மட்கியிருக்க வேண்டும்.

கம்பத்து அக்கா:
அப்படியானால் மீன் அமிலம் ஊற்றுங்கள் தம்பி. மீன் கழிவும் கருப்பட்டியும் சம எடையில் போட்டு நொதிக்கவைத்து வடித்தது. ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லி போதும். கூட்டினால் இளவேர் கருகும். நான் கோழி எருவோடு அடுப்புச் சாம்பலும் கலந்துபோடுவேன், அதையும் செய்யலாம்.

மூத்த விவசாயி:
அது பெரும் பிழை. சாம்பல் காரத்தன்மை உடையது, எருவோடு சேரும்போது தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். கலக்கும்போது கண்ணை எரிக்கும் அந்த நெடிதான் உங்கள் உரம்.

கம்பத்து அக்கா:
என் தாயார் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலம் முழுவதும் இரண்டையும் போட்டுத்தான் கத்தரியும் வெண்டையும் வளர்த்தார், ஐயா. காய்க்காமல் போனதில்லை.

பால்மரத்தான்:
அவர் இரண்டையும் ஒரே நாளில் கலந்து போட்டாரா, வெவ்வேறு வாரங்களில் போட்டாரா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள், அக்கா. இடைவெளி விட்டிருந்தால் இருவர் சொல்வதும் பொருந்தும்.

கம்பத்து அக்கா:
சாம்பலை நிலம் கொத்தும்போதே தூவிவிடுவார். எரு, நாற்று நட்டு வேர்பிடித்த பிறகு. நான்தான் வேலை மிச்சம் என்று ஒன்றாகக் கலந்துவிட்டேன் போலிருக்கிறது.

செம்மண்:
எப்படியிருந்தாலும் பிஎச் பார்க்காமல் விடுவது சரியன்று.

லயத்துப் பிள்ளை:
பையைக் கிழித்தேன். நார் கயிறுபோலவே வந்தது. வேர் வெள்ளையாக இருக்கிறது. மீன் அமிலம் இரண்டு முறை ஊற்றினேன். கொழுந்து பச்சையாக வருகிறது. நன்றி.

பால்மரத்தான்:
மகிழ்ச்சி. அறுபது பைக்கும் ஊற்றினீர்களா, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றை விட்டுவைத்தீர்களா?