இடுப்பு ஒடுங்கியிருந்தா ஆப்ரேஷன்தானா? மலேசியத் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டது

*கலா, லோரோங் 3:* மிஸ்ஸி, மருமகளுக்கு 34 வாரம். "இடுப்பு ஒடுங்கியிருக்கு, சுகப்பிரசவம் ஆகாது"ன்னு பெரியவங்க சொல்றாங்க. பார்த்தே சொல்லிட முடியுமா?

*சரோஜா மிஸ்ஸி (நர்ஸ்):* முடியாது கலா. வெளியில தெரியுறது எலும்போட மேல் விளிம்பும் சதையும். பிள்ளை வர்ற வழி உள்ள இருக்கு. மேல் வாசல் குறுக்கே சுமார் 13 செ.மீ., முன்பின்னா 11. நடுவுல ரெண்டு பக்கமும் முள்ளாட்டம் எலும்பு நீட்டிட்டு இருக்கும், அதுக்கு இடையில 10 செ.மீ. சொச்சம். நெருக்கடியே அங்கதான்.

*சரோஜா மிஸ்ஸி:* பிள்ளை தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு வந்தா தலை 9.5 செ.மீ.தான் மறிக்கும். குனியாம தலையை நேரா வச்சுக்கிட்டு வந்தா 11.5. தலையும் அதேதான், இடுப்பும் அதேதான். குனியலைன்னா மாட்டிக்கும்.

*குமரன் சார்:* வழியும் நேரா இல்ல. மேல் வாசல் குறுக்கே அகலம், கீழ் வாசல் முன்பின்னா நீளம். அதனால தலை பக்கவாட்டுல பார்த்தபடி நுழைஞ்சு, உள்ள திரும்பி, அம்மா முதுகுப் பக்கம் முகத்தை வச்சு வெளியே வருது. பின்னாலயே தோளும் திரும்பணும்.

*கலா, லோரோங் 3:* குரங்குக்கு இந்தப் பாடு இல்லையா சார்?

*குமரன் சார்:* சிம்பன்சிக்கு வழி தாராளம், குட்டியோட தலையும் சின்னது. அதோட இடுப்பெலும்பு உயரமா, தட்டையா முதுகோட ஒட்டி நிக்கும். நமக்கு அது குட்டையாகி, பக்கவாட்டுல வளைஞ்சு கிண்ணமாயிடுச்சு. எத்தியோப்பியாவுல ஹடார்ல 1974-ல கிடைச்ச லூசிங்கிற ஆதி மனுஷ இன எலும்புக்கூட்டுக்கு வயசு சுமார் 32 லட்சம் வருஷம். மூளை ஏறக்குறைய சிம்பன்சி அளவு, இடுப்பு மட்டும் அப்பவே குட்டை. நடை முதல்ல வந்துச்சு, பெரிய தலை ரொம்பப் பின்னாடி.

*தேவி பிசியோ:* அந்த வளைவு எதுக்குன்னா, நடக்கிறப்ப ஒவ்வொரு அடியிலயும் ஒத்தக் கால்லதான் நிக்கிறோம். குளூட்டியஸ் மீடியஸ்ங்கிற பிட்டத்துச் சதை சிம்பன்சிக்குத் தொடையைப் பின்னால தள்ளும். நமக்கு அது பக்கத்துக்கு வந்துட்டதால, தூக்கின கால் பக்கம் இடுப்பு தொங்கிடாம பிடிச்சுக்குது. ஒத்தக் கால்ல 30 விநாடி நிக்கச் சொல்லிப் பாருங்க. தூக்கின கால் பக்கம் இறங்குச்சுன்னா, பலவீனம் *நிக்கிற* கால் பக்கத்துச் சதையில. பலரும் இறங்கின பக்கத்துக்கே பயிற்சி கொடுத்து நேரத்தை வீணாக்குவாங்க. கர்ப்பிணி பண்ணினா நாற்காலியைப் பிடிச்சுக்கணும்.

*கலா, லோரோங் 3:* அப்ப நடக்கிறதுக்காகத்தான் வழி ஒடுங்கிப் போச்சா?

*குமரன் சார்:* 1960-ல வாஷ்பர்ன்ங்கிற மானிடவியலாளர் அப்படித்தான் சொன்னார், அதனாலதான் பிள்ளை முழுசா வளர்றதுக்கு முன்னாடியே பிறந்துடுதுன்னும். 2012-ல டன்ஸ்வொர்த்ங்கிற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அதுக்கு வேற காரணம் சொன்னாங்க: வயித்துப் பிள்ளைக்கு வேண்டிய சக்தியை அம்மா உடம்பால அதுக்கு மேல கொடுக்க முடியாத நேரத்துலதான் பிரசவம் ஆகுதுன்னு. இன்னும் வாதம் ஓடுது. எனக்கு ரெண்டும் சேர்ந்துதான்னு தோணுது.

*கலா, லோரோங் 3:* முன்னால நடு எலும்புல வலிங்கிறாளே?

*தேவி பிசியோ:* ரெண்டு எலும்பும் முன்னால சேர்ற இடம் அது. சாதாரணமா இடைவெளி 4–5 மி.மீ., கர்ப்பத்துல இன்னும் 2–3 கூடும். 10-ஐத் தாண்டினா பிரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஒத்தக் கால்ல நின்னு கைலி கட்ட வேணாம், உக்காந்து கட்டச் சொல்லுங்க. காருல முதல்ல உக்காரணும், பிறகு ரெண்டு காலையும் சேர்த்துத் திருப்பணும். புரண்டு படுக்கிறப்பவும் முட்டி ரெண்டும் ஒட்டியே இருக்கணும்.

*சரோஜா மிஸ்ஸி:* உயரம் 145 செ.மீ.க்குக் கீழன்னா பிங்க் புக்குல (கர்ப்பிணிப் பதிவுப் புத்தகம்) குறிச்சுக் கவனிப்பாங்க. மத்தபடி வலி வந்தப்புறம் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறக்குது, தலை எவ்வளவு இறங்குதுன்னு பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. மல்லாந்தே கிடந்தா வால் எலும்பு பின்னால நகர இடமிருக்காது, ஒருக்களிச்சோ நிமிர்ந்தோ இருந்தா நல்லது. ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, பிள்ளை அசைவு குறைஞ்சாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

*கலா, லோரோங் 3:* சரி மிஸ்ஸி. ஒருக்களிச்சுப் படுத்தா தலைகாணி எங்க வைக்கணும் தேவி?

*தேவி பிசியோ:* முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் ரெண்டு காலுக்கும் நடுவுல, நீளமா. முட்டிக்கு மட்டும் வச்சா பாதம் தொங்கும், இடுப்பு திருகிக்கும், வலி கூடும்.