எல்லாத் துறைக்கும் ஒரே அறிவியல் கட்டடம்: சேலத்துக்குச் சரிப்படுமா?

ஏற்காடு_காபி:
ஓமலூர் ரோட்டில் இருக்கும் நம்ம கல்லூரி (பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும்) ஒரு வரைபடத்தை அனுப்பி, பழைய மாணவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் ஒரே நான்கு மாடிக் கட்டடத்துக்குள் வருகிறதாம். துறைக்கு ஒரு மாடி என்பதே கிடையாது. 'நீர்', 'பொருள்', 'உயிர்' என்று தலைப்புக்கு ஒரு மாடி, சுவர் இல்லாத லேப், நடுவில் கூரை வரை திறந்த முற்றம், மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வேலைக்கு ஆகுமா? தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்க.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
ஆகாது. பெரியார் பல்கலைக்கழகம் தருவது பிஎஸ்சி வேதியியல், பிஎஸ்சி இயற்பியல். 'நீர்' என்று ஒரு பட்டம் கிடையாது. சால்ட் அனாலிசிஸ் நாளில் ஒரு பேட்ச் மொத்தமும் ஆசிட்டையும் அம்மோனியாவையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும், பக்கத்து மேசையில் ஒருவர் செல் வளர்த்துக்கொண்டு இருப்பார், நல்லா இருக்கும். ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டு) போட்டால் தீர்ந்தது என்பார் ஆர்க்கிடெக்ட். ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் திறப்பு, காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். பெருக்கிப் பாருங்கள், ஒரு ஹூட் மணிக்கு 900 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். அது அத்தனையும் ஏசி போட்டுக் குளிர வைத்த காற்று, அதுவும் ஏப்ரல் மாதச் சேலத்தில். கரண்ட் பில்லை முற்றமா கட்டும்?

மரவள்ளி_ஆய்வாளர்:
சார், நீங்க சொல்ற பிரச்சினைக்காகத்தான் எனக்கு இந்தக் கட்டடம் வேண்டும். நான் செய்வது ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர். அதில் ஸ்டார்ச் இருக்கிறது, மரவள்ளியில் இருந்து வரும் சயனைடு இருக்கிறது, அதைத் தின்னும் பாக்டீரியாவும் இருக்கிறது. இது எந்தத் துறை? சிஓடி (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்க்க டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றி 150 டிகிரியில் 2 மணி நேரம் வைக்க வேண்டும், அது ஒரு பிளாக்கில். பிஓடிக்கு (கழிவைத் தின்ன பாக்டீரியா எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) 27 டிகிரியில் 3 நாள் வைக்கும் இன்குபேட்டர் இன்னொரு பிளாக்கில், அதன் சாவி ஸ்டோர்கீப்பர் பையில், அவர் லீவு. சாம்பிள் பாட்டிலை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தவர்களுக்குத்தான் 'நீர்' மாடியின் அருமை தெரியும்.

பழைய_லேப்மேன்:
அம்மணி சொல்வது வாஸ்தவம். ஆனால் சாரையும் தள்ளிவிடாதீங்க. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கீழே கெமிஸ்ட்ரி, நேர் மேலே பிசிக்ஸ். லேப் அசிஸ்டெண்டாக நான் தினமும் செய்த வேலை ஸ்பெக்ட்ரோமீட்டர் லென்ஸைத் துடைப்பது. ஆசிட் ஆவியும் அம்மோனியா ஆவியும் மேலே ஏறிச் சேர்ந்து லென்ஸில் வெள்ளையாக மாவு மாதிரி படியும், காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி. பித்தளை ஸ்கேலில் பச்சை பிடித்து வெர்னியர் கோடே தெரியாது, பையன்கள் குத்துமதிப்பாக ரீடிங் எழுதுவார்கள். கிப்ஸ் அப்பரட்டஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தயாரிக்கும் கருவி) ஓடுகிற நாளில் ரியோஸ்டாட்டின் செம்பு முனையெல்லாம் கறுத்துப்போகும். அத்தனைக்கும் அங்கே நடுவில் ஒரு கான்கிரீட் தளம் இருந்தது. நீங்கள் சுவரையும் எடுத்துவிட்டு முற்றம் வேறு வைக்கிறீர்கள், வாடை எந்த மாடிக்கு என்று கேட்டுக்கொண்டா போகும்?

சிமெண்ட்_மூட்டை:
தளவரைபடத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள், வெட்டுத் தோற்றத்தை (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் படம்) யாரும் கேட்கவில்லையே. லேப் கட்டடத்தில் உயிர் அங்கேதான் இருக்கிறது. நம்ம அகமதாபாத் ஐஐஎம்-மை வடிவமைத்த லூயி கான், அதற்கு முன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1960 வாக்கில் ரிச்சர்ட்ஸ் ஆய்வகம் கட்டினார். உலகமே பாராட்டியது. உள்ளே இருந்த விஞ்ஞானிகளோ வெயில் தாங்காமல் சன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினார்கள். பிலடெல்பியா வெயிலுக்கே அந்தப் பாடு. நமக்கு மேற்கே கண்ணாடியாம்! சேலத்தில் நீளப் பக்கம் வடக்கு-தெற்கு பார்க்க வேண்டும், மேற்கே படிக்கட்டு, கழிப்பறை, ஸ்டோர், இதில் பேச்சே இல்லை.

அதே கான் அடுத்து கலிபோர்னியாவில் சால்க் இன்ஸ்டிடியூட் கட்டும்போது (1965-இல் முடிந்தது) ஒவ்வொரு லேப் மாடிக்கு மேலும் ஆள் நடமாடும் உயரத்தில் ஒரு சர்வீஸ் மாடி வைத்தார். குழாய், டக்ட், ஒயர் எல்லாம் அதற்குள். லேப்பில் நடுவே தூணே கிடையாது. ஆராய்ச்சி மாறினால் மேலே போய்க் குழாயை மாற்றிக்கொள்ளலாம், லேப்பை மூட வேண்டாம். நமக்கு முழு மாடி கட்டுப்படி ஆகாது. பால்ஸ் சீலிங் போடாமல் தள உயரத்தைக் கூட்டி, நடைபாதை ஓரமாக ஆள் நுழைகிற அளவில் ஷாஃப்ட் விட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
கானுக்குப் பணம் இருந்தது. நமக்கு எய்டட் காலேஜ்.

மரவள்ளி_ஆய்வாளர்:
பணம் இல்லாததற்கும் உதாரணம் இருக்கிறது சார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பில்டிங் 20. போர்க்காலத்தில், 1943-இல், ரேடார் ஆராய்ச்சிக்கு அவசரமாக எழுப்பிய மரக் கொட்டகை. தற்காலிகம் என்று சொல்லிக் கட்டியது 1998 வரை நின்றது. மொழியியல்காரர்களும் எலக்ட்ரானிக்ஸ்காரர்களும் ஒரே நடைபாதையில். சுவரைத் துளைத்து ஒயர் விட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதே எம்ஐடியில் தாமஸ் ஆலன் 1970களில் எழுதியது இன்னொன்று: இரண்டு பேர் மேசைக்கு நடுவே 50 மீட்டர் தாண்டினால் வேலை விஷயமாகப் பேசிக்கொள்வது அநேகமாக நின்றுபோகிறது. நம்ம பிளாக்குகளுக்கு நடுவே கிரிக்கெட் கிரவுண்டே இருக்கிறது.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
அங்கே சுவரைத் துளைத்தார்கள். இங்கே சுவரில் ஆணி அடிக்கவே பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுத வேண்டும். நானும் பிசிக்ஸ்காரரும் வருடக்கணக்காக ஒரே கேன்டீன் மேசையில் டீ குடிக்கிறோம், அது 50 மீட்டருக்குள்தான். ஒரு பேப்பர்கூட சேர்ந்து எழுதவில்லை, இன்கிரிமென்ட் பற்றித்தான் பேசுவோம். கட்டடத்தை மாற்றினால் மனுஷன் மாறுவான் என்பதை நம்ப நான் தயாரில்லை.

ஏற்காடு_காபி:
சார் 😀 சரி, மொட்டை மாடி பற்றி யாராவது சொல்லுங்க. தாவரவியலுக்கு அங்கே நிழல்வலை வீடு வேண்டுமாம், ஏற்காட்டில் இருக்கிற ஆர்க்கிட் தோட்டம் மாதிரி சின்னதாக.

சிமெண்ட்_மூட்டை:
ஹூட் புகைக் குழாய்களும் அங்கேதான் வரும். கூரைக்கு மேல் குறைந்தது 3 மீட்டர் உயரம் வேண்டும், ஏசி காற்று எடுக்கும் இடத்துக்கும் வலை வீட்டுக்கும் தள்ளி இருக்க வேண்டும். ஆர்க்கிடுக்கு ஆசிட் ஆவி ஆகாது. அதனால் ஹூட் வேண்டிய வேலை எல்லாம் கட்டடத்தின் ஒரே முனையில், கீழிருந்து மேல்வரை அடுக்காக. அந்த முனைக்குக் கண்டிப்பாகச் சுவரும் கதவும் உண்டு. மிச்சம் திறந்து இருக்கட்டும். முற்றம் வேண்டாம், தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி. ஐந்து இலக்கத் தராசும் நல்ல மைக்ரோஸ்கோப்பும் தரைத் தளத்தில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். என்எச் 44 லாரியும் பெங்களூர் ரயிலும் போகிற அதிர்வில் மூன்றாம் மாடித் தராசு நிற்காது. ஜெனரேட்டர் தனிக் கொட்டகையில்.

மரவள்ளி_ஆய்வாளர்:
ஒரே முனை என்றால் அதுவே மறுபடியும் 'கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்' ஆகிவிடும் அண்ணா. பூட்டுப் போட்டுவிடுவார்கள். பிறகு நான் சாவிக்கு நிற்க வேண்டும்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
பூட்டத்தான் செய்வோம். சிஓடிக்குப் போடும் மெர்குரி சல்பேட்டுக்குக் கணக்குக் கேட்டால் பதில் சொல்வது நீங்களா?

பழைய_லேப்மேன்:
சாவியை எந்த எச்ஓடி கையிலும் கொடுக்காதீங்க. மாடிக்கு ஒரு லேப் அசிஸ்டெண்ட், அவர் கையில் சாவி, ரிஜிஸ்டரில் கையெழுத்து. அந்த ஆளுக்குச் சம்பளம் போட நிர்வாகம் தயாரா என்று கேளுங்க. வரைபடத்தில் அவருக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் காணோம். சிலிண்டர் வண்டி எந்த வாசலில் நிற்கும் என்பதும் இல்லை.

ஏற்காடு_காபி:
மேற்குக் கண்ணாடியும் முற்றமும் வேண்டாம், வெட்டுத் தோற்றம் அனுப்புங்கள், மாடிக்கு ஒரு அசிஸ்டெண்ட் என்று நிர்வாகத்துக்கு எழுதுகிறேன். தலைப்பு மாடியா துறை மாடியா என்பதில் ஒத்துப்போகவில்லை என்றே போடட்டுமா?

மரவள்ளி_ஆய்வாளர்:
போடுங்க. சாவி பற்றி நான் தனியாக எழுதுகிறேன்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
நானும்தான்.