இலக்கு எட்டியாச்சு, ஏபிஏ (ஆட்டிசம் போன்ற நிலையுள்ள பிள்ளைகளுக்கான நடத்தைப் பயிற்சி) செஷனை எப்படி நிறுத்துவது?

பிஹேவியர் அனலிஸ்ட், அடையாறு:
எப்போ நிறுத்துவோம்னு முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிடணும். இலக்கை "பிள்ளை வேண்டியதை நல்லா கேட்டு வாங்கணும்"னு எழுதினா அது முடியவே முடியாது. "பத்து வாய்ப்பில் எட்டுத் தடவை, தூண்டுதல் (யாரும் எடுத்துக்கொடுக்கிறது) இல்லாம, ரெண்டு வேற ஆட்களிடம், தொடர்ந்து மூணு செஷன்"னு எண்ணுற மாதிரி எழுதுங்க. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிஏசிபி (பிஹேவியர் அனலிஸ்ட்டுகளுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பு) நெறிமுறையில் 3.15-ஆம் பிரிவு இதைத்தான் சொல்லுது: நிறுத்தும் சூழ்நிலைகள் ஒப்பந்தத்தில் இருக்கணும், நிறுத்தும் திட்டம் எழுத்தில் போகணும், குடும்பம் ஏத்துக்கிட்டதும் பதிவாகணும். இலக்கு முடிஞ்ச பிள்ளைக்கு ஃபீஸுக்காகப் புது இலக்கு தேடுறது தப்பு. அந்த நேரத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல வேற பிள்ளை நிக்குது.

சீனியர் தெரபிஸ்ட், அண்ணா நகர்:
வாரம் 5 நாள் வந்த பிள்ளையை ஒரேயடியா நிறுத்தக் கூடாது. 5, 3, 1னு குறைங்க. ஒவ்வொரு படியிலும் நாலு வாரம் இருந்தா டேட்டா தெளிவா தெரியும். ரெண்டு வாரம் தொடர்ந்து பிள்ளையோட மார்க் இறங்கினா ஒரு படி பின்னால போங்க. பெரும்பாலான இடத்துல சறுக்குறது எங்கேன்னா, டோக்கனையும் (சரியா செஞ்சதும் கொடுக்கிற பரிசு வில்லை) செஷனையும் ஒரே வாரத்துல குறைக்கிறாங்க. அப்புறம் அலறல் திரும்பி வந்தா எதனால வந்ததுன்னே சொல்ல முடியாது. முதல்ல டோக்கன்: ஒவ்வொரு பதிலுக்கும் ஒண்ணு, பிறகு ரெண்டு மூணுக்கு ஒண்ணு, பிறகு எப்போ வரும்னு தெரியாத மாதிரி, கடைசியா வெறும் பாராட்டு. அது நிலைச்ச பிறகு செஷனைத் தொடுங்க. ஜூன்ல பள்ளி திறக்கிற வாரத்துல எந்தப் படியையும் மாத்தாதீங்க.

சிறப்பு ஆசிரியர், மயிலாப்பூர்:
சென்டர் ஏசி ரூம்ல எடுத்த மார்க்கை நம்பி முடிச்சிடாதீங்க. தெரபிஸ்ட் அஞ்சு விநாடி காத்திருப்பார், தெருமுனைக் கடை அண்ணாச்சி காத்திருக்க மாட்டார். கூட்டம் இருக்கிற சாயங்காலத்துல, பாட்டி கூடப் போய்க் கேட்கட்டும். கடைசி மாசம் அம்மாவோ அப்பாவோ செஷன் நடத்தணும், தெரபிஸ்ட் ஓரமா உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுக்கணும். பிள்ளைக்கும் சொல்லுங்க: சுவத்துல காலண்டர், மிச்சம் நாலு நாள், வந்துபோனதும் ஒண்ணை அடிக்கணும். திடீர்னு காணாமப் போற "அக்கா"வை அது வாரக்கணக்கில் தேடும்.

கையில கொடுக்க வேண்டியது கிராஃப், எது பிடிக்கும்னு பட்டியல், பள்ளிக்கு ஒரு பக்கக் குறிப்பு. நிறுத்தின பிறகு ஒண்ணு, மூணு, ஆறாம் மாசம் 15 நிமிஷப் பரிசோதனை. எது நடந்தா திரும்பக் கூப்பிடணும்னும் எழுதிக் கொடுங்க, "வாரத்துல மூணு தடவைக்கு மேல தலையில அடிச்சுக்கிட்டா"ன்னு எண்ணிக்கையோட.