அம்மானுக்கு எஸ்பிரஸோ காபிக் கொட்டை: எதை வாங்கலாம்?

வணக்கம். அடுத்த மாசம் காரைக்குடியில எங்க அம்மானுக்கு அறுபதாங் கல்யாணம். வேட்டி, வெள்ளிச் சாமானெல்லாம் மத்தவங்க கொடுத்துருவாங்க. அவருக்கு உசுரு காபிதான், அதனால நல்ல கொட்டையா வாங்கிக் கொடுக்க ஆசை.

வீட்டுலயே எஸ்பிரஸோ மெஷின், கிரைண்டர் ரெண்டும் வச்சிருக்கார். 18 கிராம் தூள் போட்டு, 36 கிராம் காபி இறங்குதான்னு தராசுல வச்சுப் பார்ப்பார். அவர் பால் சேர்க்காம குடிப்பார், ஆயாவுக்கு மட்டும் பால் ஊத்திக் கொடுப்பார். ரெண்டுக்கும் சரியா வர்ற கொட்டையா இருக்கணும்.

சிக்கரி கூடாது, அரைச்ச தூளும் வேண்டாம். எண்ணெய் மினுங்குற அளவுக்குக் கருக வறுத்ததும் வேண்டாம், கிரைண்டர்ல பிசுக்கு ஏறிரும்.

என் மனசுல ரெண்டு இருக்கு. ஒண்ணு மான்சூன்டு மலபார்: மேற்குக் கரையில மழைக்காத்துல ஊற வைக்கிறதால புளிப்பு அடங்கி, கனமா இறங்கும், பாலுக்கும் தாங்கும். இன்னொண்ணு நம்ம ஏற்காடு அரபிகா, மிதமான வறுவல். எனக்கு ஏற்காடு பக்கம்தான் சாய்வு, ஆனா எஸ்பிரஸோல புளிப்பு தூக்கலா வந்துருமோன்னு பயம். கொஞ்சம் ரொபஸ்டா (அரபிகா மாதிரி இன்னொரு காபி வகை) கலந்தா நுரை நல்லா நிக்கும், அதை அம்மான் ஏத்துக்குவாரா தெரியலை.

வறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆறினாத்தான் கொட்டைக்குள்ள இருக்குற வாயு அடங்கி ஷாட் (ஒரு தடவை இறக்குற எஸ்பிரஸோ) சீரா இறங்கும். அதனால விசேஷத்துக்கு எத்தனை நாள் முன்னாடி ஆர்டர் போடணும்? வறுத்த தேதியைப் பையில போட்டு, காரைக்குடிக்கு ஒழுங்கா அனுப்புறவங்க யாரு? ஒரே கொட்டையா அரைக் கிலோவா, ரெண்டு வகை கால் கிலோவா? வாங்கிக் குடிச்சவங்க சொல்லுங்க.